கண்மதிப்பிலிருந்து கருவிமதிப்பு வரை: மதுபானச் சில்லறை விற்பனையில் வயது உறுதிப்பாட்டின் வரலாறு

மதுபானம் வாங்க வருபவரின் வயதை விற்பவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்ற விதி இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் உண்டு. அண்மைக் காலத்தில் இவ்விதி இலத்திரனியல் வடிவம் பெற்று வருகிறது. அடையாள அட்டையின் பட்டைக் குறியீட்டை வருடும் கருவி, கைத்தொலைபேசியில் ஏற்றப்பட்ட அடையாளம், முகத்தைப் படம்பிடித்து வயதைக் கணிக்கும் கணினி நிரல் என அது பல உருவங்களில் தோன்றுகிறது. இதனைப் புதிய தொழில்நுட்பத்தின் விளைவாக மட்டும் காண்போர் உளர். சிறுவர் நலனுக்காக எடுக்கப்பட்ட நிர்வாக நடவடிக்கையாக மட்டும் காண்போரும் உளர். இவ்விரு நோக்குகளும் பகுதி உண்மையையே கூறுவன. விற்பனைப் பலகைக்கு முன்னால் நிற்கும் மனிதரிடம் அரசு என்ன கேட்கிறது, எதற்காகக் கேட்கிறது, கேட்டு அறிந்ததை என்ன செய்கிறது என்ற வினாக்களுக்கு நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றைக் கண்மதிப்பு, காகிதம், கருவி என்ற மூன்று கட்டங்களாக வகுத்து நோக்குவதும், அவற்றினூடாக இழையோடும் சமூக உறவுகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கண்மதிப்பின் காலம்

பிரித்தானியச் சட்ட வரலாற்றில் வயதை அடிப்படையாகக் கொண்ட மதுபான விற்பனைத் தடை 1839ஆம் ஆண்டின் இலண்டன் மாநகரப் பொலிஸ் சட்டத்தில் இடம்பெறுகின்றது. பதினாறு வயதுக்குட்பட்டவராகத் தோற்றமளிக்கும் எவருக்கும், விற்பனையிடத்திலேயே அருந்துவதற்கென, வடித்தெடுத்த மதுவகைகளை விற்கலாகாது என்பது அதன் சாரம். 1872ஆம் ஆண்டின் அனுமதிப்பத்திரச் சட்டம் இதே ஏற்பாட்டை விரிவாக்கியது. இங்கு மனங்கொள்ளத்தக்கது, சட்டம் உண்மை வயதைப் பற்றிப் பேசவில்லை, தோற்ற வயதையே பேசியது என்பதாகும். பிறப்புப் பதிவு அப்போதுதான் வேரூன்றிக் கொண்டிருந்தது. தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை தனது வயதை நிறுவுவதற்குரிய பத்திரம் எதனையும் கையில் வைத்திருக்கவில்லை. எனவே சட்டம் விற்பவரின் கண்ணை நம்பியது.

இச்சட்டங்கள் அக்காலத்துக் கைத்தொழிற் சமூகத்தின் ஒரு யதார்த்தத்தைத் தொடாது விட்டன. நகரத் தொழிலாளர் குடியிருப்புகளிலே தாய் தந்தையரின் இரவுணவுக்கான பியரைக் குவளையில் வாங்கி வருபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. 1886ஆம் ஆண்டுச் சட்டம் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் கடையிலே இருந்து அருந்துவதற்கு விற்பதைத் தடுத்தது. வாங்கிச் செல்வதைத் தடுக்கவில்லை. 1901ஆம் ஆண்டுச் சட்டமே இத்தூதுவப் பிள்ளைகளைக் கருத்திற் கொண்டது. பதினான்கு வயதுக்குட்பட்டவரிடம் மது கொடுப்பதாயின் அது ஒரு பைந்துக்குக் குறையாத அளவில், தக்கையிட்டு முத்திரையிட்ட கலத்தில் இருத்தல் வேண்டும் என அது விதித்தது. வழியிலே பிள்ளை ஒரு வாய் பருகிவிடலாகாது என்பதே இதன் உட்கிடை. அரும்பெரும் மனிதாபிமானச் சட்டமாகப் போற்றப்பட்ட இவ்விதி, பிள்ளையை வேலைக்காரராகக் கொள்ளும் வாழ்க்கை முறையை மாற்றவில்லை. போத்தலுக்கு முத்திரையிட்டதோடு அமைந்தது.

1908ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை மதுச்சாலையின் அருந்தும் அறையிலிருந்து விலக்கியது. 1923இல், பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் ஆசனம் ஏற்ற முதற் பெண்ணாகிய நான்சி அஸ்ரர் கொண்டுவந்த சட்டம், மதுச்சாலையில் அருந்துவதற்கான வயதைப் பதினெட்டாக உயர்த்தியது. உணவோடு பியர் முதலியவற்றை அருந்துவதற்குப் பதினாறு வயதினருக்கு அது விலக்களித்தது. இவ்வாறு வயதெல்லை படிப்படியாக உயர்ந்தபோதிலும் சோதனை முறை மாறவில்லை. போர்க்காலத்தில் தொடங்கிய 1939 முதல் 1952 வரையிலான இடைவெளியைத் தவிர, பிரித்தானிய மக்களிடம் தேசிய அடையாள அட்டை இருந்ததில்லை. நூறாண்டுக்கு மேலாக மதுச்சாலைக்காரரின் கண்ணே நீதிபதியாயிற்று.

கண்மதிப்பு குறைபாடுடையது, சார்பு நிறைந்தது. தெரிந்தவரின் மகனுக்கு ஒரு கண்ணும் அந்நியரின் மகனுக்கு இன்னொரு கண்ணும் உண்டு. எனினும் அதற்கு ஒரு பண்பு இருந்தது. அது எதனையும் பதிந்து வைக்கவில்லை. கடையை விட்டு வெளியேறியவர் அரசின் நினைவிலிருந்தும் வெளியேறினார்.

2. காகிதத்தின் காலம்

முதலாம் உலகப் போரை ஒட்டிய காலப்பகுதியில் நிலைமை மாறுகிறது. மதுவிலக்கு இயக்கங்களின் எழுச்சியும், போர்க்கால உற்பத்தித் தேவைகளும், விரிவடைந்த அரச இயந்திரமும் சேர்ந்து, வாங்குபவரையே பதிவுசெய்யும் முறையைத் தோற்றுவித்தன. இதன் இரு சிறந்த எடுத்துக்காட்டுகள் சுவீடனும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணமுமாகும்.

சுவீடனில் மருத்துவரான இவான் பிராற் வகுத்த பங்கீட்டு முறை 1910களில் ஸ்ரொக்ஹோமில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. ஒவ்வொரு கொள்வனவாளருக்கும் மூட்பூக் எனப்படும் பங்கீட்டுப் புத்தகம் வழங்கப்பட்டது. ஒவ்வொரு கொள்வனவும் அதிற் பதியப்பட்டது. முழு மதுவிலக்கை 1922ஆம் ஆண்டின் பொதுவாக்கெடுப்பிலே சுவீடன் மக்கள் மிகச் சிறிய பெரும்பான்மையால் நிராகரித்தமைக்கு இம்முறையும் ஒரு காரணம் எனலாம். ஆனால் புத்தகம் எல்லோருக்கும் ஒரே அளவாகக் கிடைக்கவில்லை. வருமானம், தொழில், ஒழுக்கம், குடும்ப நிலை ஆகியன ஆராயப்பட்டன. மணமான பெண்களுக்குப் பொதுவாகத் தனிப் புத்தகம் இல்லை. கணவனின் புத்தகமே குடும்பத்தின் புத்தகம். ஏழைகளுக்குக் குறைந்த பங்கு அல்லது பங்கேயில்லை. குடியைக் கட்டுப்படுத்த எழுந்த முறை, வர்க்க ஏற்றத்தாழ்வையும் ஆணாதிக்கத்தையும் லீற்றர்க் கணக்கிலே எழுதிவைத்தது.

1955 ஒக்ரோபர் முதலாந் திகதி இம்முறை ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர் அரச மதுக்கடைகளிலே வேறொரு வழக்கம் ஏற்பட்டது. விற்பனைப் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு பொருத்தப்பட்டது. அது எழுந்தமானமாக எரியும். எரியும்போது எதிரே நிற்பவர் யாராயினும் தம்மை அடையாளப்படுத்த வேண்டும்; தடைசெய்யப்பட்டோர் பட்டியலோடு அவர் பெயர் ஒப்பிடப்படும். விற்பவரின் கண்ணிலிருந்து தெரிவைப் பறித்து ஒரு மின்சுற்றிடம் ஒப்படைத்த இவ்விளக்கே இன்றைய இலத்திரனியற் சோதனையின் மூதாதை எனல் மிகையாகாது. அதன் நோக்கம் பாகுபாட்டைத் தவிர்ப்பது. அதன் பின்னால் இருந்ததோ ஒரு பெயர்ப் பட்டியல்.

ஒன்ராறியோவில் 1927இல் மதுவிலக்கு முடிவுற்று, அரசின் மதுக் கட்டுப்பாட்டுச் சபை விற்பனையை ஏற்றது. 1962 வரை தனியாள் அனுமதிப்பத்திரமின்றி அங்கு எவரும் சபையின் கடைகளில் மது வாங்க இயலவில்லை. கொள்வனவுகள் அனுமதிப் புத்தகத்திற் பதியப்பட்டன. அளவுக்கு மீறி வாங்குவோர் விசாரிக்கப்பட்டனர். தடைசெய்யப்பட்டோரின் பட்டியல் கடைகளுக்கு அனுப்பப்பட்டது. அப்பட்டியலை மக்கள் இந்தியர் பட்டியல் என்றே பேச்சு வழக்கில் அழைத்தனர். கனடாவின் ஆதிக்குடிகள் மது வாங்குவதை இந்தியர் சட்டம் தடுத்திருந்தமையே இப்பெயருக்குக் காரணம். தடைசெய்யப்பட்ட வெள்ளையரும் மது விடயத்தில் ஆதிக்குடியினரின் நிலைக்கு இறக்கப்பட்டதாகக் கருதப்பட்டனர் என்பது இப்பெயரால் விளங்கும்.

3. வயதா, இனமா, பாலா?

இங்கு ஓர் அடிப்படை உண்மையைச் சுட்டுதல் தகும். யார் மது வாங்கலாம் என்ற வினா வரலாற்றில் வயதை மட்டும் சார்ந்து எழுந்ததன்று. ஐக்கிய அமெரிக்காவில் ஆதிக்குடியினருக்கு மது விற்பதைத் தடுத்த கூட்டாட்சிச் சட்டம் 1953 வரை பொதுத் தடையாக நின்றது. தென்னாபிரிக்காவில் 1928ஆம் ஆண்டின் மதுச் சட்டம் கறுப்பின மக்களுக்கு விதித்த தடை 1962இலேயே பெரும்பாலும் நீங்கியது. இத்தடைகள் அனைத்தும் வளர்ந்த மனிதரைக் குழந்தைகளாகப் பாவித்தன. பாதுகாப்பு என்பதே அவற்றின் மொழி. கனடாவின் உயர் நீதிமன்றம் ட்ரைபோன்ஸ் வழக்கில் 1969இல் வழங்கிய தீர்ப்பே இம்மொழியின் உள்ளீட்டைச் சட்டத்தின் முன் வெளிப்படுத்தியது. மற்றையோர் செய்தாற் குற்றமாகாத ஒன்று இனத்தின் காரணமாக ஒருவருக்கு மட்டும் குற்றமாவது சட்டத்தின் முன் சமத்துவத்துக்கு முரண் என அது கண்டது.

ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் 3.2 வீத மதுசாரம் கொண்ட பியரைப் பெண்கள் பதினெட்டு வயதிலும் ஆண்கள் இருபத்தொரு வயதிலுமே வாங்கலாம் என்ற விதி இருந்தது. குடிபோதையில் வாகனமோட்டிக் கைதானோர் இளம் ஆண்களில் 2 வீதம், இளம் பெண்களில் 0.18 வீதம் என்ற புள்ளிவிபரத்தை மாநிலம் ஆதாரமாகக் காட்டியது. 1976இல் உயர் நீதிமன்றம் இதனை ஏற்க மறுத்தது. நூற்றுக்கு இருவரின் தவற்றைக் கொண்டு மற்றைத் தொண்ணூற்றெண்மரின் உரிமையை அளத்தல் இயலாது என்பதே இத்தீர்ப்பிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

இப்பின்னணியில் வயதெல்லை ஒப்பீட்டளவில் நீதியானதாகத் தோன்றுகிறது. இனமும் பாலும் மாறா. வயதோ எவருக்கும் கடந்து செல்லும். வயதெல்லை உயிர் காக்கும் என்பதற்கும் வலுவான சான்றுண்டு. 1971இல் வாக்குரிமை வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டதை அடுத்து அமெரிக்காவின் பல மாநிலங்கள் குடி வயதையும் குறைத்தன. அதன் பின் இளையோரின் வீதி விபத்துக்கள் அதிகரித்தன. 1984இல் இயற்றப்பட்ட சட்டம், குடி வயதை இருபத்தொன்றாக உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியின் ஒரு பகுதியை நிறுத்தப் போவதாக எச்சரித்தது. தென் டகோட்டா மாநிலம் வழக்காடி 1987இல் தோற்றது. 1988ஆம் ஆண்டுடன் எல்லா மாநிலங்களும் இணங்கின. இளையோரின் வீதி மரணங்கள் குறைந்தமையில் இச்சட்டத்திற்குப் பங்குண்டு என்பது ஆய்வாளரிடையே பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. ஆகவே வயதெல்லையை நிராகரித்தல் முற்போக்கு நிலைப்பாடாகாது. அதனை எவ்வழியில் நடைமுறைப்படுத்துவது என்பதே எம்முன் உள்ள பிரச்சினை.

4. கருவியின் காலம்

வயதெல்லை இருபத்தொன்றாக உயர்ந்ததும் அமெரிக்காவிலே போலி அட்டைகளின் சந்தையும் விரிந்தது. சாரதி அனுமதிப்பத்திரமே நடைமுறையில் அடையாள அட்டையாகிய அந்நாட்டில், அதன் பின்புறத்தில் முதலில் காந்தப் பட்டையும் பின்னர் இருபரிமாணப் பட்டைக் குறியீடும் இடப்பட்டன. பொலிஸாரின் தேவைக்காக எழுந்த இக்குறியீடு மதுக்கடைக்காரருக்கும் பயன்பட்டது. ஆனால் அதனுள் பிறந்த திகதி மட்டுமா உள்ளது? பெயர், முகவரி, உயரம், அட்டை இலக்கம் ஆகிய யாவும் உள்ளன. வயதை அறிய ஒரு முறை வருடினால் ஆள் முழுவதும் வருடப்படுகிறார்.

யூற்றா மாநிலத்தின் அனுபவம் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. அங்கு நெடுங்காலமாக மதுச்சாலைகள் தனியார் கழகங்களாகவே இயங்கின. உள்ளே செல்ல அங்கத்துவம் தேவைப்பட்டது. 2009இல் இம்முறை நீக்கப்பட்டபோது அதற்கு விலையாக இலத்திரனியற் சோதனை விதிக்கப்பட்டது. முப்பத்தைந்து வயது அல்லது அதற்குக் குறைந்தவராகத் தோன்றுவோரின் அட்டை கருவியால் வருடப்படல் வேண்டும்; பெறப்பட்ட விபரம் ஏழு நாட்கள் வைத்திருக்கப்படும். கருவியை இயக்குவது யாதெனில், தோற்றம் பற்றிய சிப்பந்தியின் தீர்மானமே. 1839ஆம் ஆண்டின் தோற்ற வயது, 170 ஆண்டுகள் கழித்து, கருவியின் வாயிற்காவலராக மீண்டும் வந்தமர்ந்தது. மாறியது ஒன்றுதான். முன்பு கண் எதனையும் நினைவில் வைக்கவில்லை. இப்போது கருவி ஏழு நாட்கள் நினைவில் வைக்கிறது.

ரென்னசி மாநிலம் 2007இல் இன்னொரு வழியை நாடியது. வெளியே எடுத்துச் செல்லும் பியரை வாங்குவோர் எவராயினும், நரைத்த முதியவராயினும், அட்டை காட்ட வேண்டும் என விதித்தது. எல்லோரையும் கேட்டால் எவரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை என்பது இதன் தர்க்கம். சமத்துவம் இவ்வாறு பெறப்படலாம். ஆயின் அது அனைவரும் சமமாகச் சோதிக்கப்படும் சமத்துவமாகும். யப்பானிலோ, 1922 முதல் சட்டபூர்வக் குடி வயது இருபது. 2022இல் பராய வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டபோதும் குடி வயது குறைக்கப்படவில்லை. அங்குள்ள சிறு பேரங்காடிகளிலே திரையொன்று வயதை வினவ, வாங்குபவர் அதனைத் தொட்டு உறுதிகூறுகிறார். திரை எதனையும் சரிபார்ப்பதில்லை. விற்றவரின் பொறுப்பை வாங்கியவரின் விரலுக்கு மாற்றுவதே அதன் பணி.

பிரித்தானியாவில் 2010இல் கட்டாய நிபந்தனைகள் கொண்டுவரப்பட்டு, ஒவ்வொரு விற்பனையிடமும் வயது உறுதிப்பாட்டுக் கொள்கை ஒன்றைக் கொண்டிருத்தல் அவசியமாக்கப்பட்டது. இருபத்தைந்துக்குக் குறைந்தவராகத் தோன்றுவோரிடம் அட்டை கேட்கும் வழக்கத்தை வணிக நிறுவனங்கள் பரப்பின. 2022இல் உள்துறை அமைச்சின் ஏற்பாட்டில் சில பேரங்காடிகளின் சுயசேவைக் கட்டண முகப்புகளிலே முகத்தை நோக்கி வயதைக் கணிக்கும் கருவிகள் பரீட்சிக்கப்பட்டன. பெயர் கேளாது, அட்டை கேளாது, வயதை மட்டும் கணிக்கும் இம்முறை முதற் பார்வையில் கண்மதிப்பின் காலத்துக்குத் திரும்புவதாகத் தோன்றலாம். எனினும் கணினியின் கண்ணும் சார்பற்றதன்று. அமெரிக்கத் தேசிய நியமங்கள் தொழில்நுட்ப நிறுவகம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டிலே, இந்நிரல்களின் பிழை பெண் முகங்களுக்கு ஏறத்தாழ எப்போதும் கூடுதலாக இருந்தமையும், பிறந்த நாட்டுப் பிரதேசத்துக்கேற்ப அது வேறுபட்டமையும் காட்டப்பட்டன. மதுச்சாலைக்காரரின் பழைய பாரபட்சம் எண்களின் உருவில் மறுபிறப்பெடுக்கும் ஆபத்து இங்குளது.

5. இலங்கை அனுபவம்

எமது நாட்டில் இப்பிரச்சினை வேறொரு பாதையில் வளர்ந்தது. குடியேற்ற ஆட்சியில் சாராயக் குத்தகை அரசிறையின் முக்கிய ஊற்றுகளில் ஒன்று. குத்தகையால் மூலதனம் திரட்டியோர் உள்ளூர் முதலாளி வர்க்கத்தின் உருவாக்கத்திற் பெரும் பங்கேற்றமையைக் குமாரி ஜயவர்தன முதலிய ஆய்வாளர் விரிவாகக் காட்டியுள்ளனர். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தை ஒட்டிப் புதிய கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டபோது எழுந்த மதுவிலக்கு இயக்கம், தேசிய உணர்வின் ஆரம்பப் பாசறைகளில் ஒன்றாயிற்று. அவ்வியக்கத்தின் கோரிக்கை யாது? வாங்குபவரைச் சோதியுங்கள் என்பதன்று. தவறணையை மூடுங்கள் என்பதே. பின்னர் நடைமுறைக்கு வந்த உள்ளூர்த் தெரிவு வாக்கெடுப்புக்களும் இதே தர்க்கத்தின்பாற்பட்டவை. தமது பகுதியில் தவறணை இருக்கலாமா என்பதை அப்பகுதி மக்கள் கூடி முடிவுசெய்தனர். அவ்வாக்கெடுப்புக்களிலே சாதி, சொத்து முதலிய ஏற்றத்தாழ்வுகள் செல்வாக்குச் செலுத்தவில்லை என்று கூறுதல் பொருந்தாது. வட இலங்கையில் பனையேறிக் கள்ளிறக்கியோர் ஒடுக்கப்பட்ட சாதியினராக இருக்க, அவர்கள் தொழிலின் மீது ஒழுக்கத் தீர்ப்பு வழங்கியோர் உயர்சாதியினராக இருந்த நிலையை மறத்தலாகாது. எனினும் கட்டுப்பாடு விற்பவர் மீதும் கடை மீதும் பாய்ந்தது என்ற அளவில் அது கூட்டுத் தன்மை வாய்ந்தது.

வாங்குபவர் மீதான கட்டுப்பாடு பிற்காலத்தது. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல், தவறணை எல்லைக்குள் பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர இத்தடையை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பணிப்பின்பேரில் தடை மீண்டும் வந்தது. புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் 2006இல் கொள்வனவு வயதை இருபத்தொன்றாக நிர்ணயித்தது.

இனி அடையாள அட்டையை நோக்குவோம். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் பழைய இலக்கத்தில் முதலிரு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்று எண்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பன. பெண்ணாயின் அதனோடு ஐந்நூறு கூட்டப்படும். 2016இல் அறிமுகமான பன்னிரண்டு இலக்க முறையிலும் இத்தர்க்கமே தொடர்கிறது. ஆகவே எமது நாட்டில் ஒருவரது வயதும் பாலும் அவரது இலக்கத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளன. எந்த வருடியும் இன்றி ஒரு கடைச் சிப்பந்தி அவற்றை வாசிக்க முடியும். கணினி வருமாயின் ஒரு நொடியில் வாசிக்கும்.

போர்க்காலத்தில் இவ்வட்டை எமது மக்களுக்கு எதனைக் குறித்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் அட்டையிலுள்ள பெயரும் பிறந்த இடமும் ஒருவரின் போக்கைத் தீர்மானித்தன. ஒரு நோக்கத்திற்காக வழங்கப்பட்ட அட்டை வேறொரு நோக்கத்திற்குப் பயன்படும் என்பதை நூல்களிற் படித்து அறிய வேண்டிய நிலையில் நாம் இல்லை. இந்திய உதவியுடன் தனித்துவ இலத்திரனியல் அடையாளத் திட்டமொன்றை அமைக்க 2022இல் உடன்படிக்கை செய்யப்பட்டுள்ள நிலையில், சில்லறைக் கடை வரை அடையாளக் கருவி வருவதன் விளைவுகளை முன்கூட்டியே ஆராய்தல் அறிவுலகின் கடமையாகும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, வயதை அறிதல் வேறு, ஆளை அறிதல் வேறு. சட்டத்துக்கு வேண்டியது ஆம், இல்லை என்ற ஒரே விடை. ஒவ்வொரு கட்டத்திலும் கருவி அதற்கு மேலாகவே கேட்டுள்ளது. கேட்டதை வைத்துக்கொண்டும் உள்ளது. சுவீடனின் புத்தகமும் ஒன்ராறியோவின் பட்டியலும் யூற்றாவின் ஏழு நாட் பதிவும் ஒரே போக்கின் வெவ்வேறு வடிவங்கள். இரண்டாவது, சோதனையின் சுமை எப்போதும் வாங்குபவர் மீதும், குறைந்த கூலிக்குப் பலகையில் நிற்கும் சிப்பந்தி மீதுமே இறங்கியுள்ளது. தவறி விற்ற சிப்பந்தி தண்டம் கட்டலாம், வேலை இழக்கலாம். இளையோரைக் குறிவைத்து மதுவை விளம்பரப்படுத்தும் உற்பத்தியாளர் அப்பலகையில் நிற்பதில்லை. மூன்றாவது, கூட்டாகக் கடையைக் கட்டுப்படுத்துவதிலிருந்து தனியாளாகக் கொள்வனவாளரைக் கண்காணிப்பதை நோக்கி அரசின் கவனம் நகர்ந்துள்ளது. இந்நகர்வு மது வணிகத்துக்கு உவப்பானது. கடைகள் திறந்தே இருக்கின்றன. பொறுப்பு மட்டும் கைமாறுகிறது.

இவற்றால் இலத்திரனியற் சோதனை முழுவதும் தீங்கானது என்று கொள்ளுதல் தவறு. பெயரையும் இலக்கத்தையும் வெளியிடாது வயதெல்லையைக் கடந்தவர் என்பதை மட்டும் உறுதிசெய்யும் முறைகள் தொழில்நுட்ப ரீதியிற் சாத்தியமானவை. வேறெதுவும் வாசிக்கப்படலாகாது, வாசித்தது எங்கும் சேமிக்கப்படலாகாது, கருவி இல்லாதவர் வேறு வழியில் வயதை நிறுவ இடமிருத்தல் வேண்டும், தவற்றின் பொறுப்பு சிப்பந்தியை விட உரிமையாளரைச் சார்தல் வேண்டும் என்ற நிபந்தனைகளைச் சட்டமே எழுதிவைக்குமாயின், கருவி பிள்ளைகளைக் காக்கும் சாதனமாக அமையலாம். அந்நிபந்தனைகளைக் கருவியைச் செய்து விற்பவர் எழுதப் போவதில்லை. மதுவை விற்பவரும் எழுதப் போவதில்லை. நூறாண்டுக்கு முன் தவறணையின் இருப்பைத் தமது வாக்கினால் முடிவுசெய்த மக்களின் வழித்தோன்றல்களே அவற்றைக் கோரி எழுதுவிக்க வேண்டியவர்கள்.